சேஸோன்: மிளகு போடாமலே மிளகு மணக்கும் பெல்ஜியம் பீர் – வீட்டில் தயாரிப்பவர்கள் ஈஸ்ட் தேர்வில் ஏன் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்?

சேஸோன் டூபோன் என்ற பெல்ஜியம் பீரை முதன்முதலாகக் குடிப்பவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதுல மிளகு போட்டிருக்காங்களா?" போடவில்லை. கிராம்பும் ஆரஞ்சுத் தோலும்கூட கிடையாது. முளைகட்டிய பார்லி, ஹாப்ஸ், தண்ணீர், ஈஸ்ட். இவ்வளவுதான். நாக்கில் காரமாகத் தெரிவதும் மூக்கில் பழமாக மணப்பதும் ஈஸ்ட் செய்கிற வேலை.

வீட்டில் பீர் தயாரிக்கும் பழக்கம் உள்ள அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் புதிதாக சேஸோன் பக்கம் வருபவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. "மசாலா பீர்தானே" என்று கொத்தமல்லி, மிளகு, ஸ்டார் அனிஸ் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டு, ஈஸ்ட் மட்டும் கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். பீர் கஷாயமாகிவிட்டால்கூடப் பரவாயில்லை, கீழே ஊற்றிவிடலாம். பாட்டில் வெடித்துக் கண்ணாடி தெறித்தால் கதை வேறு. சேஸோன் ஈஸ்ட் விஷயத்தில் அது நிஜமாகவே நடக்கக்கூடியது. எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தியாவில் மது என்பது அரசியலமைப்பின் 7வது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். "விற்கலை சார், எனக்கு மட்டும்தான்" என்பதற்கெல்லாம் அதில் விலக்கு இல்லை. கர்நாடகத்திலும் 1965ஆம் ஆண்டின் எக்சைஸ் சட்டம் தயாரிப்புக்கு உரிமம் கேட்கிறது. பெங்களூருவில் தெருவுக்குத் தெரு மைக்ரோ ப்ரூவரி இருக்கிறதே என்றால், அவை உரிமம் வாங்கிய வணிக நிறுவனங்கள். உங்கள் பால்கனி அந்தக் கணக்கில் வராது.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனில் 1963லேயே சொந்த உபயோகத்துக்கான உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அமெரிக்காவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் வீட்டில் 200 கேலன் வரை வரி இல்லாமல் தயாரிக்கலாம். மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் மட்டும் 2013 வரை இழுத்தடித்தன. சிங்கப்பூரிலும் அளவுக் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. ஆக, அந்த ஊர்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் கீழே உள்ளது செய்முறை. இங்கே இருப்பவர்களுக்கு, கிளாஸில் இருப்பது என்ன என்று புரிந்துகொள்ள உதவும் தகவல்.

இன்னொன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, "வீட்டில் காய்ச்சினால் கண் போய்விடும்" என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் அந்தச் சாவுகளுக்குக் காரணம் சாராயத்தில் கலக்கப்பட்ட மெத்தனால். பார்லியை நொதிக்க வைக்கும்போது ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. பீரில் காய்ச்சி வடித்தலும் கிடையாது. சேஸோனில் கவலைப்பட வேண்டியது விஷத்தைப் பற்றி இல்லை, பாட்டிலின் அழுத்தத்தைப் பற்றி.

பண்ணைவீட்டு பீர்

பெல்ஜியத்தின் தெற்குப் பகுதி வலோனியா. அங்கே பிரெஞ்சு பேசுவார்கள். 'சேஸோன்' என்றால் பிரெஞ்சில் பருவம். குளிர்காலத்தில் பண்ணையில் வேலை குறைவாக இருக்கும்போது பீர் தயாரித்து வைத்து, கோடையில் அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்குக் கொடுத்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கதை அழகாக இருக்கிறது. ஆனால் எழுத்துச் சான்றுகள் குறைவு. பழைய சேஸோன் இன்றையதைவிட ஆல்கஹால் குறைவாகவும் கொஞ்சம் புளிப்பாகவும் இருந்திருக்கும் என்பது பெல்ஜியம் ப்ரூவர் இவான் டி பேட்ஸ் போன்றோரின் கணிப்பு. வெயிலில் வேலை செய்பவர் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டிய பானம் 6.5 சதவீத ஆல்கஹாலில் இருந்திருக்காது என்பது யோசித்தாலே புரியும்.

இன்று 'சேஸோன்' என்றால் உலகம் அளவுகோலாக எடுத்துக்கொள்வது ஹெய்னோ மாகாணத்தில் தூர்ப் என்ற சின்ன ஊரில் இருக்கும் டூபோன் ப்ரூவரியின் பீரைத்தான். மகன் லூயி கனடாவுக்குக் கிளம்பிவிடக் கூடாது என்று அப்பா அல்ஃப்ரெட் டூபோன் 1920ல் வாங்கிக் கொடுத்த பண்ணை ப்ரூவரி அது. பையனை ஊரிலேயே பிடித்து வைக்க அப்பாக்கள் செய்யும் வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

அப்போ மசாலா சேஸோன் என்பதே பொய்யா? இல்லை. அதே ஹெய்னோவில், பிபே ஊரில் நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன 'அ வாப்பர்' ப்ரூவரி, தன் சேஸோனில் மிளகு, இஞ்சி, ஆரஞ்சுத் தோல், ஸ்டார் அனிஸ் எல்லாம் சேர்க்கிறது. இரண்டுமே சேஸோன்தான். ஆனால் மசாலா போட்டதிலும் முதல் குரல் ஈஸ்டுடையது. மசாலா பின்பாட்டு.

ஈஸ்ட் அப்படி என்ன செய்கிறது?

மூன்று வேலைகள்.

பார்லியிலிருந்து வரும் ஃபெருலிக் அமிலத்தை சேஸோன் ஈஸ்ட் 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. கிராம்பு, மிளகு போன்ற நெடி அதிலிருந்துதான் முக்கியமாக வருகிறது. சாதாரண லாகர் ஈஸ்டால் இது முடியாது. அடுத்து, எஸ்டர்கள். பேரிக்காய், ஆரஞ்சு, வாழைப்பழம் போன்ற வாசனைகள். வெப்பநிலை கூடினால் பொதுவாக இவையும் கூடும்.

மூன்றாவது வேலைதான் சேஸோனை சேஸோன் ஆக்குகிறது, பாட்டிலையும் வெடிக்க வைக்கிறது. மால்ட் ஊறிய இனிப்புத் தண்ணீருக்கு 'வொர்ட்' என்று பெயர். அதில் இருக்கும் சர்க்கரையில் சுமார் கால் பங்கு, டெக்ஸ்ட்ரின் எனப்படும் நீளமான சங்கிலிகளாக இருக்கும். சாதாரண ஈஸ்ட் அதைத் தின்னாது. அதனால்தான் பல பீர்களில் அடியில் ஒரு இனிப்பும் கனமும் தங்குகிறது. பெரும்பாலான சேஸோன் ஈஸ்டுகள் 'டயஸ்டாட்டிகஸ்' என்ற வகையைச் சேர்ந்தவை. எஸ்டிஏ1 என்ற மரபணு இவற்றில் இருக்கிறது. அது தரும் நொதி அந்தச் சங்கிலிகளை வெட்டி, தின்னக்கூடிய குளுக்கோஸாக மாற்றிவிடும். விளைவு, பீர் எலும்பு வரை உலர்ந்துபோகும். இனிப்பே இல்லாத, அடுத்த வாய்க்கு இழுக்கும் சுவை.

பிரச்சினை என்னவென்றால், இந்த வெட்டும் வேலை மெதுவாக நடக்கும். எல்லாம் அடங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்து பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பீரின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளப்பார்கள். தண்ணீர் 1.000. நொதிக்காத சேஸோன் வொர்ட் சுமார் 1.055. மூடிய பாட்டிலுக்குள் அடர்த்தி 0.001 குறைந்தால், தோராயமாக அரை 'வால்யூம்' கார்பன் டை ஆக்சைடு சேரும். 1.010ல் நின்றுவிட்டது என்று நம்பி அடைத்த பீர் உள்ளே 1.002க்கு இறங்கினால் 4 வால்யூம். நுரைக்காக நீங்கள் சேர்த்த சர்க்கரையும் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவும் இன்னொரு இரண்டரை. மொத்தம் ஆறரை. சாதாரண பீர் பாட்டில் சுமார் 3 வால்யூமை மனதில் வைத்துச் செய்யப்படுவது. ஷாம்பெயினே 6க்குப் பக்கம்தான், அதனால்தான் அந்தப் பாட்டில் அவ்வளவு தடிமன்.

சரி, எந்த ஈஸ்ட்?

கடையில் பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். குழம்ப வேண்டாம். அடிப்படையில் மூன்று குணங்கள்தான்.

முதலாவது, டூபோன் வழி வந்தது. வையீஸ்ட் 3724, ஒயிட் லேப்ஸ் 565 என்ற பெயர்களில் திரவமாகக் கிடைக்கும். சுவையில் இதுதான் ராஜா என்பது என் கட்சி. ஆனால் ராஜாவுக்குரிய அடமும் உண்டு. வேகமாக ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் 1.035 பக்கம் வந்து அப்படியே உட்கார்ந்துவிடும். ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் அசையாது. புதியவர்கள் இங்கேதான் பதறிப்போய் வேறு ஈஸ்டைக் கொட்டுகிறார்கள். இதற்குத் தேவை சூடு. டூபோனிலேயே 30 டிகிரிக்கு மேல்தான் நொதிக்க விடுகிறார்கள். ஏல் ஈஸ்டுகளுக்கு வழக்கமாகச் சொல்லும் 18–20 டிகிரியில் வைத்தால் இது தூங்கிவிடும். இட்லி மாவு டிசம்பரில் பொங்காமல் முறைப்பது மாதிரி. 22–24ல் ஆரம்பித்து, மூன்று நாளில் 30–32க்கு ஏற்றி, முடியும்வரை அங்கேயே வைக்க வேண்டும். மூடியில் ஏர்லாக் போடாமல் முதல் சில நாள் சுத்தமான அலுமினியத் தாளை மட்டும் தளர்வாக மூடினால் நிற்காமல் ஓடுகிறது என்று அமெரிக்க ஹோம்ப்ரூவர் ட்ரூ பீச்சம் சொல்லப் போய், நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள். லேசான அழுத்தம்கூட இதற்குப் பிடிக்கவில்லை என்பது அவர் தரப்பு விளக்கம்.

இரண்டாவது, பிரெஞ்சு வகை. திரவத்தில் வையீஸ்ட் 3711, உலர் பாக்கெட்டில் லாலமண்ட் நிறுவனத்தின் பெல் சேஸோன், மாங்ரோவ் ஜாக்ஸ் எம்29 போன்றவை இந்தக் குணம் கொண்டவை. அடம் பிடிக்காது. என்ன கொடுத்தாலும் தின்று 1.002 பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். பெல் சேஸோன் 15 முதல் 35 டிகிரி வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இவ்வளவு உலர்ந்தும் வாயில் ஒரு வழவழப்பு இருக்கும், தண்ணியாகத் தெரியாது. சுவையில் டூபோன் அளவுக்கு ஆழம் இல்லை, மிளகும் எலுமிச்சையும் முன்னால் நிற்கும். ஃபெர்மென்டிஸின் பிஇ-134 ஈஸ்டும் இதுபோல நன்றாக உலர்த்தும். இவை எல்லாமே டயஸ்டாட்டிகஸ்தான்.

மூன்றாவது, எஸ்டிஏ1 தொல்லை இல்லாத சேஸோன் ஈஸ்ட். 2021ல் வந்த லாலமண்டின் 'ஃபார்ம்ஹவுஸ்' இதற்கு உதாரணம். மரபணு மாற்றம் இல்லாமல் இனக்கலப்பு முறையிலேயே உருவாக்கியது. காரமும் பழ வாசனையும் உண்டு, டெக்ஸ்ட்ரினைத் தின்னும் பழக்கம் இல்லை. அந்தக் கடைசிச் சொட்டு வரை உலரும் தன்மை கொஞ்சம் குறையும். அதே உபகரணத்தில் வேறு பீர்களும் தயாரிப்பவருக்கு இது நிம்மதி. ஏனென்றால் டயஸ்டாட்டிகஸ் ஒருமுறை பிளாஸ்டிக் குழாயின் கீறலில் ஒளிந்துகொண்டால், அடுத்த மாதம் நீங்கள் போடும் ஸ்டவுட்டிலும் வேலையைக் காட்டும். அந்த ஈஸ்டுக்கென்று தனிக் குழாய், தனி பக்கெட் வைத்துக்கொள்வது செலவு இல்லை, காப்பீடு.

எஸ்டிஏ1 இருந்தாலே எல்லா ஈஸ்டும் ஒரே வேகத்தில் தின்னாது என்பதும் தெரிந்திருக்கட்டும். அந்த மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரு துண்டு காணாமல் போனவை ரொம்ப மந்தம் என்று ஃபின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2019ல் காட்டினார்கள். பாக்கெட்டில் 'டயஸ்டாட்டிகஸ்' என்று போட்டிருந்தால் வேகமானது என்றே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

முதல்முறை என்றால் என் பரிந்துரை பெல் சேஸோன். சூட்டைக் கட்டுப்படுத்த வசதியும் பொறுமையும் இருந்தால் டூபோன். இரண்டையும் ஒப்பிட ஆசையா? 20 லிட்டர் வொர்ட்டை இரண்டு பத்து லிட்டர் பாத்திரத்தில் பிரித்து, ஒன்றில் ஒன்று. ஒரே மால்ட், ஒரே ஹாப்ஸ், ஒரே மசாலா. ருசி பார்க்கும் நாளில் இரண்டும் அக்கா தங்கை மாதிரிகூட இருக்காது.

20 லிட்டருக்கு என்னென்ன?

பில்ஸ்னர் மால்ட் 4 கிலோ, கோதுமை மால்ட் அரை கிலோ, சாதாரண வெள்ளைச் சர்க்கரை 300 கிராம். நொறுக்கிய மால்ட்டை 64–65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வைக்க வேண்டும். இதைவிடச் சூடாக வைத்தால் நொதிக்காத சர்க்கரை கூடும், அது சேஸோனுக்கு வேண்டாம். வடித்து, 90 நிமிடம் கொதிக்க விட வேண்டும். பில்ஸ்னர் மால்ட்டில் வரும் வேகவைத்த மக்காச்சோள வாசனை போக அவ்வளவு நேரம் தேவை. கொதி முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் 40 கிராம், கடைசி 15 நிமிடத்தில் இன்னொரு 20 கிராம். சர்க்கரை கடைசியில். சீக்கிரம் ஆற வைத்து, கிருமி நீக்கிய பாத்திரத்துக்கு மாற்றி, உலர் ஈஸ்ட் என்றால் 11 கிராம் பாக்கெட் ஒன்று. 1.055ல் ஆரம்பித்து 1.003ல் முடிந்தால் ஆல்கஹால் 7 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே வரும்.

மசாலா எவ்வளவு, எப்போது?

நம் சமையலறைப் பழக்கம் இங்கே கொஞ்சம் இடறும். கொத்தமல்லி விதையைக் கண்டால் நம் கை தானாக வாணலியைத் தேடும். வறுக்கக் கூடாது. வறுத்தால் பீர் சாம்பார்ப் பொடி மணக்கும். பச்சையாக, ஒன்றிரண்டாகத் தட்டி, 10–15 கிராம், கொதி முடிய ஐந்து நிமிடம் இருக்கையில். அதற்கு முன் போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும். கொத்தமல்லியின் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற எண்ணெய்ப் பொருள். ஐரோப்பிய விதை சின்னதாக, உருண்டையாக, எண்ணெய் அதிகமாக இருக்கும். இந்திய விதை நீள்வட்டம், எண்ணெய் குறைவு. இருந்தும் அமெரிக்க ஹோம்ப்ரூவர்கள் பலர் இந்திய மளிகைக் கடைக்குத் தேடிப் போய் நம் கொத்தமல்லியை வாங்குகிறார்கள். இதில் எலுமிச்சை சாயல் அதிகம், சோஸேஜ் வாசனை வராது என்பது அவர்கள் அனுபவம்.

ஆரஞ்சுத் தோல், உலர்ந்த கசப்பு ஆரஞ்சு என்றால் 10–15 கிராம். பச்சைத் தோல் என்றால் வெள்ளைப் பகுதி வராமல் சீவியது. மிளகு 2–3 கிராம், கொரகொரப்பாக இடித்தது, அதுவும் கடைசி ஐந்து நிமிடத்தில். பெல்ஜியம் மசாலா பீர்களில் 'சொர்க்க விதை' என்ற ஒன்றும் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் விளைவது, ஏலக்காய் குடும்பம், மிளகுக் காரமும் இஞ்சி வாசமும் சேர்ந்தது. கிடைத்தால் மிளகுக்குப் பதில் அதே அளவு. ஸ்டார் அனிஸ் போடுவதென்றால் ஓரிரு இதழ் போதும், முழுப் பூ வேண்டாம். கிராம்பைத் தொடவே வேண்டாம், அந்த வேலையை ஈஸ்ட் ஏற்கெனவே செய்கிறது.

அளவு பற்றிச் சந்தேகமா? மசாலாவைக் கொதியில் போடாமல், கொஞ்சம் வோட்காவில் ஒரு வாரம் ஊற வைத்து வடித்துக்கொள்ளலாம். நொதித்து முடிந்த பீரில் ஒரு கிளாஸ் எடுத்து, சொட்டுச் சொட்டாகக் கலந்து ருசி பார்த்து, பிடித்த அளவை மொத்தத்துக்கும் கணக்குப் போடலாம். கூடிப்போனால் கெடுவது ஒரு கிளாஸ் மட்டும். என்னைக் கேட்டால் முதல் முறை எல்லாருமே இப்படித்தான் செய்ய வேண்டும்.

பாட்டிலில் எப்போது அடைக்கலாம்?

குமிழி நின்றுவிட்டது என்பது அடையாளம் இல்லை. காலண்டரும் அடையாளம் இல்லை. ஹைட்ரோமீட்டர் மட்டும்தான். அளவு 1.005க்குக் கீழே வந்து, ஒரு வாரம் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்கலாம். மற்ற பீர்களுக்கு மூன்று நாள் இடைவெளி போதும் என்பார்கள், டயஸ்டாட்டிகஸுக்கு அது போதாது. 1.010ல் இரண்டு வாரமாக நிற்கிறதா? முடிந்துவிட்டது என்று முடிவு கட்டாமல், பாத்திரத்தை 30 டிகிரிக்குச் சூடேற்றிக் காத்திருக்க வேண்டும். டூபோன் ஈஸ்ட் என்றால் மொத்தம் ஐந்து ஆறு வாரம்கூட ஆகலாம்.

நுரைக்கு 20 லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை, கொதிக்க வைத்த தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் போதும். பாட்டில் தடிமனானதாக, ஷாம்பெயின் அல்லது பெல்ஜியம் பீர் பாட்டிலாக இருக்கட்டும். ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் கொஞ்சம் அடைத்து வையுங்கள். தினமும் அமுக்கிப் பார்த்தால் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும். கல் மாதிரி இறுகிவிட்டால் எல்லா பாட்டிலையும் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், முதல் மூன்று வாரம் பாட்டில்கள் மூடி போட்ட பெட்டிக்குள், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் இருக்கட்டும்.